உப்புக்கு மணமில்லை

“மாடு தின்னுவியோ?”

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஓடும் தெருவொன்றில் ஒரு ஜெர்மன் சாப்பாட்டுக் கடை இருந்தது. கோப்பை கழுவும் வேலை கேட்டு அதன் பின்கதவில் போய் நின்றேன். கதவைத் திறந்த தமிழ் மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரில் இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவர்களான எங்களிடம் எந்தக் குரலில் கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

“தின்னுவன். அதுக்கென்ன இப்ப? நாங்கள் வேதக்காரர்.”

“அப்ப நல்லதாப் போச்சு. உள்ளுக்கை வா.”

உள்ளே போனதும் ஒரு கரண்டி வெள்ளைக் குழம்பை என் வாய்க்கு முன்னால் நீட்டினார். உப்புக் காணுமா, போதுமா என்று கேட்டார். காணாது என்றேன். ஒரு சிட்டிகை போட்டுத் திரும்ப நீட்டினார். இப்போது சரி என்றேன். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால் அந்த வேலைக்கு நின்றவன் எதைக் கொடுத்தாலும் ‘குட், குட்’ என்று பெருவிரலைக் காட்டுவானாம். அவனால் தனக்குப் பிரஷர் ஏறியதாகச் சொன்னார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் செய்த வேலைக்குப் பிறகு அந்தப் பெயரை எழுதுகிற முகம் எனக்கில்லை.

அந்தக் கடை அவருடைய ஒரேயொரு சாப்பாட்டில்தான் நின்றது. குளோப்ஸே என்பார்கள். மாட்டிறைச்சியையும் கன்றிறைச்சியையும் அரைத்து, பாலில் ஊறிய பழைய பாண் ரொட்டி, வதக்கிய வெங்காயம், உப்பில் கிடந்த நெத்தலி எல்லாம் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிப்பது. பொரிப்பதில்லை. கராம்பு குத்திய வெங்காயத்தோடு மாட்டெலும்பு அவித்த சாற்றில் மெதுவாக வேகவிடுவது. வெந்ததும் அதே சாற்றில் வெண்ணெயும் மாவும் கிறீமும் சேர்த்துக் குழம்பாக்கி, கேப்பர்ஸ் என்கிற புளித்த பச்சை மொட்டுகளைப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, கடைசியில் முட்டை மஞ்சட்கருவை அடித்து ஊற்றுவது. மஞ்சட்கரு விழுந்தபின் ஒரு கொதி கொதித்தாலும் குழம்பு திரைந்துவிடும். மிளகாய்த்தூள் இல்லை, மஞ்சள் இல்லை. முதல்முறை பார்த்தபோது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற சாப்பாடு என்றுதான் நினைத்தேன். சாப்பிட்ட பிறகு அப்படி நினைக்கவில்லை.

இதை அவர் ஜெர்மனியில் ஒன்பது வருடம், ஒரு சின்ன ஊரின் விடுதிச் சமையலறையில் செய்தார். பிறகு கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் செய்தார். ஒரு நாள்கூட வாயில் வைத்ததில்லை.

அவர் சைவக்காரர். அதற்காகப் பெரிய பக்திமான் என்று நினைத்துவிடக் கூடாது. பன்றி தின்பார், ஆடு தின்பார், பியர் குடிப்பார். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற மனைவியைச் சீண்டுவார். மாடு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் வரும். வீட்டில் பால்மாடு நின்றது என்பார். சின்ன வயதில் மாடு வெட்டுவதைக் கண்டு காய்ச்சல் வந்தது என்பார். ஒருமுறை மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நான் கேட்காமலேயே சொன்னார்.

“காணி போச்சு, வீடு போச்சு. அகதிப் பேப்பர் எடுக்கிறதுக்காகச் சொந்தப் பேரையும் ஒருக்கா மாத்தினனான். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாச்சு. இதொண்டாவது என்னட்டைக் கிடக்கட்டுமன்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் அவர் மூக்காலும் காதாலுமே செய்தார். கராம்பு கூடினால் தெரியும், சாறு அடிப்பிடிக்கப் போகிறதென்றால் பத்து நிமிடத்துக்கு முன்னமே தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் குழம்பு கொதிக்கத் துடிக்கிற சத்தம் கேட்டு ஓடிவந்து அடுப்பைக் குறைப்பார். “மூக்கு எல்லாம் சொல்லும். உப்புக்கு மணமில்லை. அதுக்குத்தான் நீ” என்பார். நெத்தலியும் கேப்பர்ஸும் ஒவ்வொரு போத்தலில் ஒவ்வொரு உப்பில் வரும். அதனால் அளவுக் கரண்டியை நம்ப முடியாது. யாராவது ஒருவருடைய நாக்கை நம்பியே ஆகவேண்டும்.

முதல் இரண்டு வருடம் நான் ருசி பார்க்கும்போது என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். “முகம் நடிக்கும். விழுங்கேக்கை நடிக்க ஏலாது” என்பது அவருடைய கணக்கு. எனக்கு அது பெரிய அரியண்டமாக இருந்தது. பிறகு ஒருநாள் கரண்டியை நீட்டிவிட்டு மறுபக்கம் திரும்பி உருளைக்கிழங்கு சீவத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து பார்க்கவே இல்லை. நான் ‘காணும்’ என்றால் சட்டி இறங்கும், ‘காணாது’ என்றால் உப்பு விழும். மறுகேள்வி கிடையாது. இவ்வளவு நம்பிக்கையை என் மீது வேறு யாரும் வைத்ததில்லை, என்னைக் கட்டியவள் உட்பட.

ஒருமுறை ஒரு ஜெர்மன் கிழவர், வாடிக்கையாளர், தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். சமைத்தவரைப் பார்க்கவேண்டுமாம். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இவரும் ஜெர்மனில் மறுமொழி சொன்னார். இருவரும் கொஞ்சநேரம் கதைத்தார்கள். திடீரென்று கிழவர் வெடித்துச் சிரித்து, இவருடைய முதுகில் தட்டிவிட்டுப் போனார். என்ன பகிடி என்று கேட்டேன்.

“வீட்டிலையும் இதைத்தான் சாப்பிடுவியோ எண்டு கேட்டார். நான் இதைச் சாப்பிட்டதே இல்லையெண்டு சொன்னன். பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டார்.”

என் மகளுக்கு முதல்நன்மைக் கொண்டாட்டம் வந்தபோது, நான் வாய் திறந்து கேட்காமலேயே, தன்னுடைய லீவு நாளில் இரண்டு பெரிய சட்டி நிறையச் செய்து தன் காரில் கொண்டுவந்து ஸ்காபரோவில் எங்கள் தேவாலய மண்டபத்தில் இறக்கினார். எங்கள் சனம் அந்த வெள்ளைக் குழம்பைச் சுற்றி நின்று பார்த்தது. “என்ன இது, தூள் போட மறந்திட்டினமோ?” என்று என் மச்சாள் கேட்டாள். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் தரம் வந்ததும் அவள்தான். இவர் ஒரு மூலையில் சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு, பாராட்டியவர்களிடமெல்லாம் என்னைக் கைகாட்டினார். “ருசி பாத்தது உவன்தான். நல்லாயில்லையெண்டா உவனைப் பிடியுங்கோ.”

அந்த மனிதனுக்குத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

கொரோனா வந்து கடை பூட்டி, திறந்து, திரும்பப் பூட்டித் திறந்தது. ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் சமையலறையில் அவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். அந்த நாட்களில் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கிழமை, ஏழெட்டு நாள், படுத்து எழும்பினேன். எழும்பிய அன்று காலை, சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த எங்கள் அப்பாட்மெண்டில் மனைவி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். கருவாடு பொரித்தால் அந்த மாடி முழுக்க மூக்கைப் பொத்தும், பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். நான் சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றுமே தெரியவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கடதாசியை மென்றதுபோல் இருந்தது.

நாளைக்கு வந்துவிடும் என்று வேலைக்குப் போனேன். கரண்டி நீண்டது. “காணும் அண்ணை” என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கோப்பை கழுவ வந்தவனை அடுப்படிக்கு ஏற்றியது என் நாக்குத்தான். அது செத்துவிட்டது என்று தெரிந்தால் என்னை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. முதலாளி ஜெர்மன் பெண்மணி ஏற்கெனவே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் உண்மை. ஆனால் இவரிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மகனையாவது கூப்பிட்டு வேறு வழி பார்த்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அவருடைய கை அவ்வளவு சரியான கை. நான் பொய் சொல்லிச் சொல்லியே ஐந்தாறு கிழமை ஓடியது, ஒரு பிளேற்கூடத் திரும்பி வரவில்லை. எனக்குப் பயம் வேறு பக்கத்தால் வந்தது. அத்தனை நாளும் தொடர்ந்து ‘காணும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னெல்லாம் நான் அப்படி இல்லை, மூன்று நாளைக்கு ஒருமுறையாவது ஒரு குறை சொல்வேன். சந்தேகப்படப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை கொஞ்சம் போடச் சொல்லவேண்டும் என்று முடிவு கட்டினேன். கள்ளன் தன் களவை வடிவாகச் செய்ய நினைத்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெர்மன் பாட்டுக் குழுவொன்று, நாற்பது கிழவர் கிழவிகள், கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாகச் சேர்ந்து சாப்பிட வந்திருந்தார்கள். கேப்பர்ஸ் வழக்கமான போத்தலில் வரவில்லை, கல்லுப்பில் புதைத்த வேறு பெட்டியில் வந்திருந்தது. அவர் அதை இரண்டு தண்ணீரில் கழுவினார். கரண்டியை நீட்டும்போது சொன்னார்:

“இது புதுச் சாமான். எனக்குப் பிடிபடேல்லை. வடிவாப் பாத்துச் சொல்லு.”

நான் வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

“கொஞ்சம் போடலாம் அண்ணை.”

அவர் ஒரு சிட்டிகை போட்டார்.

இருபது நிமிடத்தில் பிளேற்றுகள் திரும்பி வரத் தொடங்கின. தொட்டுவிட்டு அப்படியே தள்ளிவைத்த பிளேற்றுகள். முதலாளிப் பெண்மணி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு என்றாள். இவர் ருசி பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்னிடம் திரும்பி, நீ பார்த்தாயா, என்ன சொன்னாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாமல் இருக்கிறது. ஏற்கெனவே எழுதிவைத்ததை வாசிப்பதுபோல் வாயிலிருந்து வந்தது. நான் பார்த்தேன், சரியாக இருந்தது, சரியென்று சொன்னேன், அதற்குப் பிறகு இவர் மறந்துபோய்த் திரும்பவும் உப்புப் போட்டதைக் கண்டேன் என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. வழியில் ஒருவரிடம் பாதை கேட்கிறவருடைய முகம்.

“நீ கொஞ்சம் போடலாமெண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை அண்ணை. காணுமெண்டுதான் சொன்னனான். நீங்கள்தான் பிறகு ரெண்டாந்தரம் போட்டனீங்கள்.”

“ரெண்டாந்தரமோ?”

“ஓம்.”

சட்டியில் குழம்பு மிச்சமிருந்தது. அவர் கரண்டியை எடுத்து அள்ளினார். ஒரு துளி நாக்கில் பட்டிருந்தால் போதும், அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவ்வளவு உப்பு ஒரு சிட்டிகையால் வந்ததில்லை, நான் ருசி பார்ப்பதற்கு முன்னமே அது கடலாகத்தான் இருந்தது. உயிருள்ள எந்த நாக்கும் அதைக் ‘காணாது’ என்றும் சொல்லியிராது, ‘சரி’ என்றும் சொல்லியிராது. கரண்டி அவருடைய மூக்குவரை போனது. பார்க்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது, பார்க்கக்கூடாது என்று மற்ற மனம் மன்றாடியது. அவர் மணந்து பார்த்தார். பிறகு கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

“அப்ப எனக்குத்தான் பிசகிப்போச்சு” என்றார். முதலாளியிடம் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

அவள் அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு கிழமை ஆறிவிட்டு வாருங்கள் என்றுதான் சொன்னாள். அவர்தான் திரும்பி வரவில்லை. போட்ட உப்பை மறக்கிறவன் எரிகிற அடுப்புக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று போனில் சொன்னாராம். அடுப்பு எனக்கு வந்தது. பார்த்துப் பார்த்துப் படித்திருந்ததால் என்னால் செய்ய முடிந்தது. மணமும் ருசியும் இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டன. வாடிக்கைக்காரர் பரவாயில்லை என்கிறார்கள். அந்தக் கண் கலங்குகிற கதையெல்லாம் இப்போது இல்லை.

அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார். இவர் வீட்டில் தேத்தண்ணிக்கும் அடுப்புப் பற்றவைப்பதில்லையாம். வெளியே போனால் பாதி வழியில் திரும்பி வந்து அடுப்பைத் தடவிப் பார்க்கிறாராம். இனி ஓடமாட்டேன் என்று கார்த் திறப்பைத் தானாகவே மகனிடம் கொடுத்துவிட்டாராம். டொக்டரிடம் கொண்டுபோனார்களாம். ஞாபகத்தைச் சோதிக்க டொக்டர் மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னாராம், சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னாராம், ஒன்றிலும் பிழையில்லை என்று அனுப்பிவிட்டாராம்.

“டொக்டருக்கு என்ன தெரியும், எங்கடை வேதக்காரன் கண்ணாலை கண்டவன் எண்டு உன்னைத்தான் சொல்லுறார், தம்பி. நீ ஒருக்கா வீட்டுப் பக்கம் வாவன். நீ சொன்னாத்தான் உவர் கேப்பார்.”

அவர்கள் அப்போது மகனோடு பிக்கரிங்கில் இருந்தார்கள். ரெயினில் போகும்போது சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. ‘அண்ணை, எனக்கு நாக்குச் செத்துக்கிடந்தது, உங்களிலை பிழையில்லை.’ அவ்வளவுதான். ஒரு பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

புது வீடு. பளபளவென்று இருந்தது. அடுப்பில் திருகுகிற பிடிகள் ஒன்றும் இல்லை, மகன் கழற்றி மேலே வைத்திருந்தான். இவர் சோபாவின் ஓரத்தில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிவந்து கையைப் பிடித்தார், கடையைப் பற்றி விசாரித்தார், பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். ஒன்றுகூட மறக்கவில்லை. அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். மகனும் வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

“தம்பி, இவருக்கு முன்னாலையே கேக்கிறன். உண்மையைச் சொல்லு. உவர் ரெண்டாந்தரம் உப்புப் போட்டதை நீ கண்டனீயோ? இல்லாட்டி, அந்த அமளியிலை அப்பிடி நினைச்சனீயோ?”

அந்த மனிசி எனக்கு ஒரு வாசலையும் திறந்து தந்தார். ‘அப்படித்தான் நினைத்துவிட்டேன் போல’ என்று பாதிப் பொய் சொல்லியிருந்தாலும் இவர் தப்பியிருப்பார். மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலை போகும் என்ற பயம்கூட அப்போது இல்லை. இந்த மூன்று பேரும் என்னை யார் என்று தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்ற பயம்தான்.

“கண்டனான் அக்கா” என்றேன். “வயசு போனா அப்பிடித்தானே.”

அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இவர் மட்டும் வாடவில்லை. ஒரு பாரம் இறங்கியதுபோல் சோபாவில் சாய்ந்தார்.

“நான் சொன்னன்தானே, இவையள்தான் நம்பேல்லை” என்று மகனைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இனி எனக்கு ஏதும் சந்தேகமெண்டா உன்னைத்தான் கேப்பன். சொல்லுவாய்தானே?”

“கேளுங்கோ அண்ணை.”

அவர் கேட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை போன் வரும். கடையின் பின்கதவு உள்ளுக்குத் திறக்குமா வெளியே திறக்குமா, முதலாளியின் நாய் கறுப்பா மண்ணிறமா, நாங்கள் சேர்ந்து வேலைசெய்தது எத்தனை வருடம். தான் நினைத்திருப்பதை முதலில் சொல்வார், சரிதானா என்று கேட்பார். எல்லாமே சரியாக இருக்கும். சரியென்று சொல்வேன். ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் அவர் கேட்பதே இல்லை. அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.